பேப்பருக்குப் பதினாலு

தொண்ணூற்றி ஏழாம் ஆண்டு கோடை விடுமுறை. ரொறன்ரோவில், அஜின்கோர்ட்டில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் நாங்கள் குடியிருந்த காலம். எனக்கு அப்போது பதினாறு வயது. இல்லை, பதினாலு. சரி, கொஞ்சம் பொறுங்கள், இந்தக் கதையே அந்தக் குழப்பத்தைப் பற்றியதுதான். முதலில் இருந்து சொல்கிறேன்.

லண்டனில் இருந்த பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் அந்த வருடம் இருபத்தைந்தாவது கலியாண நாள் வந்தது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு கலியாண ஹோல் எடுத்து, தெரிந்தவர்கள் எல்லாரையும் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். மனிசன் ஒருநாள் போன் எடுத்து அப்பாவிடம், "தம்பி, கப்பல் ஒண்டில போவம். நீ, மனிசி, பிள்ளையள் எல்லாரும் வாங்கோ. ஒரு கிழமை. ஏழு நாளும் இத்தாலி, கிரீஸ் எல்லாம் காட்டுவாங்களாம். செலவு என்ர பாடு" என்றார். அப்பா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். நாங்கள் அதுவரைக்கும் பார்த்த பெரிய ஊர்சுற்றல் நயாகரா நீர்வீழ்ச்சிதான், அதுவும் கட்டிக்கொண்டு போன புளிச்சாதத்தோடு.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "பாஸ்போட்டை வடிவாப் பாப்பாங்களோ?"

அம்மா ஏன் அப்படிக் கேட்டா என்று சொன்னால்தான் மிச்சம் விளங்கும். அதற்கு எட்டு வருடம் முன்பு, அப்பா முதலே கனடாவுக்கு வந்துவிட, அம்மா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு ஊர்ச் சண்டைக்குத் தப்பி, ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரர் மூலமாக வந்தா. எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஏழு. ஏஜென்சிக்காரர் கொடுத்த பாஸ்போட்டிலோ யாரோ ஒரு பெண்ணும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். மூத்தது பெடியன், ஏழு வயது. இளையது பெட்டை, ஆறு வயது. வேறு வழியில்லை. நான் ஆறு வயதாகி என் தம்பிக்குத் தங்கச்சி ஆகவேண்டும்!

வரும் வழியில் பாங்கொக்கில் ஒரு அறைக்குள் ஒன்றரை மாதம் பூட்டி வைத்திருந்தார்கள். காலையும் மாலையும் அம்மா எங்களை நிற்கவைத்துப் பாடமாக்குவா. "நீ ஆர்?" "தங்கச்சி." "எத்தினை வயசு?" "ஆறு." "உவன் ஆர்?" "அண்ணா." பிழைவிடாமல் சொன்னால் ஒரு ரொபி இனிப்பு. அண்ணாவாகிவிட்டதில் தம்பிக்கு ஒரே புளுகம், துள்ளிக் குதிப்பான். எனக்குக் கண்ணீர் முட்டும், ஆனாலும் ரொபியை வாங்கிக்கொள்வேன்.

ரொறன்ரோ எயார்போட்டில் வந்து இறங்கி அகதி என்று சொன்னவுடன் அந்தப் பாஸ்போட்டுக்கு வேலை முடிந்துவிட்டது. அம்மா எல்லாவற்றையும் உண்மையாகத்தான் சொன்னா. பெயர், ஊர், ஏன் வந்தோம், எல்லாம். கடைசியில் அந்த ஒபிசர் பிள்ளைகளின் பிறந்த திகதியையும் வயதையும் கேட்டபோது, மூன்று நாள் நித்திரையில்லாத அம்மாவின் வாயில் பாடமாக்கியதுதான் வந்தது. அந்தப் பாஸ்போட்டில் இருந்த திகதிகள், ஏழு, ஆறு. அவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான், என் இரண்டு வருடம் போய்விட்டது.

உடனே திருத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இப்போது எனக்கும் அது தெரிகிறது. அப்போது யாரிடம் போய்க் கேட்பது? கேட்பதே ஆபத்து என்று அம்மா நம்பினா. "ஒண்டு பொய்யெண்டா முழுக்கப் பொய் எண்டு சொல்லிப்போடுவாங்கள். பிடிச்சு ஊருக்குத் திருப்பி ஏத்தி விட்டிடுவாங்கள்." எங்கள் வழக்கு முடிந்து, நிரந்தரமாக இருக்க விட்டு, குடியுரிமையும் தந்து கையில் நீலப் பாஸ்போட்டும் வந்த பிறகும் அந்தப் பயம் அம்மாவை விட்டுப் போகவில்லை. எல்லாப் பேப்பர்களையும் ஒரு சிவப்பு ஸிப் பையில் போட்டு வைத்திருந்தா. கடைக்குப் போனாலும் அந்தப் பை அம்மாவின் தோளில் இருக்கும்.

ஆகவே எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. கதவுக்கு உள்ளே நான் அக்கா. கதவுக்கு வெளியே நான் தங்கச்சி. கோயிலில், கலியாண வீட்டில், தெரியாத தமிழ் ஆட்கள் நின்றால், எனக்கு ஒரு வயது இளையவனை நான் "அண்ணா" என்று கூப்பிடவேண்டும். அந்தக் குரங்கு ஒரு தலையாட்டலோடு "என்ன தங்கச்சி?" என்று கேட்கும். எனக்கு வருகிற கோபத்துக்கு அளவேயில்லை. வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டியதும் முதல் வேலை அவன் முதுகில் ஒன்று போடுவதுதான்.

அதைக்கூடப் பொறுக்கலாம். பள்ளிக்கூடத்தை என்ன செய்வது? அவன் எனக்கு ஒரு வகுப்பு மேலே. என் வகுப்பில் உள்ளதுகள் எல்லாம் என்னைவிட இரண்டு வயது சின்னன். வகுப்புப் படங்களில் பின்வரிசையில் ரீச்சருக்குப் பக்கத்தில் பனை மாதிரி நிற்பது நான்தான். நான் பெரியபிள்ளையானபோது பக்கத்து மேசைக்காரிக்குப் பத்து வயது, பொம்மைக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். யாரிடம் என்னத்தைச் சொல்வது? என் வயதில் எனக்கு ஒரு சிநேகிதி வேண்டும். எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான், அதற்குத்தான் வழியே இல்லை.

கப்பல் என்றதும் எனக்குள் ஒரு யோசனை ஓடியது. அங்கே எங்களை யாருக்குத் தெரியும்? ஒரு கிழமை. ஒரே ஒரு கிழமை நான் பதினாறாக இருந்துவிட்டு வருகிறேனே!

இத்தாலியில் ஒரு துறைமுகத்தில் ஏறினோம். கப்பல் என்றால் எங்கள் கட்டடத்தைப் படுக்கப் போட்டது மாதிரி. பெரியப்பா தானே கட்டியது போல ஒவ்வொரு தளமாகக் காட்டிக்கொண்டு வந்தார். ஆறாவது தளத்தில் இளையோர் கிளப் என்று ஒரு இடம். வாசல் மேசையில் மஞ்சள் பெனியன் போட்ட ஒரு பெண் இருந்தாள். பயணிகளின் பட்டியலைப் பார்த்து, பிள்ளைகளின் கையில் பிளாஸ்ரிக் பட்டி ஒட்டிவிட்டாள். பன்னிரண்டில் இருந்து பதினாலு வரை பச்சை. பதினைந்தில் இருந்து பதினேழு வரை நீலம். குளித்தாலும் போகாது, வெட்டித்தான் எடுக்கவேண்டும்.

தம்பிக்கு நீலம் ஒட்டினாள். என் முகத்தைப் பார்த்தாள், பட்டியலைப் பார்த்தாள், திரும்ப என் முகத்தைப் பார்த்தாள். "உயரமான பிள்ளை" என்று சிரித்துவிட்டுப் பச்சையை ஒட்டினாள்.

பச்சைக்காரருக்கு அன்று பின்னேரம் என்ன நிகழ்ச்சி தெரியுமா? முகத்தில் வர்ணத்தால் புலி கீறுவது. நீலக்காரருக்கு மேசைப்பந்து, பாட்டு, தனியாக ஒரு கூடம், அதற்குள் சோபாக்கள். தம்பி காரணமே இல்லாமல் அந்தக் கையால் மூக்கைச் சொறிந்தான், தலையைக் கோதினான். நான் அவனுடைய நீளக்கைச் சட்டை ஒன்றைப் பறித்து, அந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு, பச்சைப் பட்டியை மறைத்தபடி மேல்தளத்தில் போய் இருந்தேன். அம்மா போகும்போதே சொல்லித்தான் விட்டா. "ஆரும் வயசு கேட்டா வாயைத் திறக்காதை. சிரிச்சுப்போட்டு வா."

அங்கேதான் அவளைக் கண்டேன். அயர்லாந்துக்காரி. முகமெல்லாம் புள்ளி, கையில் ஒரு சீட்டுக்கட்டு, தனியாக இருந்து தனக்குத்தானே விளையாடிக்கொண்டிருந்தாள். விளையாட வருகிறாயா என்று கேட்டாள். இரண்டு ஆட்டம் முடிந்த பிறகு, உனக்கு எத்தனை வயது என்றாள்.

எட்டு வருடம். எட்டு வருடமாக வெளியாள் ஒருவருக்கும் சொல்லாதது. அம்மா சொன்னபடி சிரித்துவிட்டு எழும்பிப் போயிருக்கலாம். வாய் கேட்கவில்லை. "பதினாறு" என்றேன். உண்மையைச் சொல்கிறபோது யாருக்காவது களவெடுத்தவள் மாதிரி வியர்க்குமா? எனக்கு வியர்த்தது.

அவளுக்கும் பதினாறு. துள்ளி எழும்பினாள். நீலக்காரர் எல்லாம் முதலே கூட்டாளிகளோடு வந்தவர்களாம், தன்னை ஒருவரும் சேர்க்கவில்லையாம். பிறகென்ன, இரண்டு நாள் நாங்கள் ஒட்டியபடி திரிந்தோம். நான் அவளுடைய தலைமயிரை இரட்டைப் பின்னல் பின்னிவிட்டேன். அவள் எனக்குச் சீட்டில் ஏமாற்றுவது எப்படி என்று காட்டித்தந்தாள். கப்பல் ஒவ்வொரு ஊரிலும் நின்றது. என்ன ஊர்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் பார்த்தது அவளைத்தான். பதினாறு வயதுக்காரிகள் இப்படித்தான் கதைப்பார்களா, இப்படித்தான் சும்மா சிரிப்பார்களா என்று வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை அவள் எனக்கு ஒன்று சொன்னாள். இந்தப் பயணம் முடிய அவளுடைய அப்பாவும் அம்மாவும் பிரியப்போகிறார்கள். அவர்கள் கதைத்ததை ஒளித்துநின்று கேட்டுவிட்டாள். அவளுக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியாது. மூன்று பேரும் ஒவ்வொரு நாளும் ஒன்றாக இருந்து சிரித்துச் சிரித்துச் சாப்பிடுகிறார்கள். "வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை. உனக்கும் என் வயது, அதனால்தான் சொன்னேன். சின்னப்பிள்ளைகளுக்கு இது விளங்காது" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சட்டைக்கைக்குள் பச்சைப் பட்டி என் மணிக்கட்டை அறுத்தது.

அன்று பின்னேரம் நீலக்காரரின் கூடத்துக்குப் போவோம் வா என்று இழுத்தாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. உள்ளே ஏழெட்டுப் பேர் மேசைப்பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் என் தம்பி. "இவள் ரொறன்ரோவில் இருந்து வந்திருக்கிறாள், பதினாறு வயது" என்று அவள் என்னைப் பெருமையோடு அறிமுகப்படுத்தினாள். பந்து பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு உயரமான பெடியன் நிமிர்ந்து, "பதினாறா? இது இவனுடைய தங்கச்சியல்லவா? பதினாலு என்று இவன்தானே சொன்னான்" என்றான்.

எல்லாருடைய தலையும் திரும்பியது. அவள் என் தம்பியைப் பார்த்துக் கேட்டாள், இவளுக்கு எத்தனை வயது என்று.

தம்பி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். சொல்லடா, ஒரு தரம் சொல்லடா என்று மனம் கத்தியது. அவன் முகம் பாங்கொக் அறையில் நின்ற ஏழு வயதுப் பெடியனின் முகமாகிவிட்டது. "பதினாலு" என்றான்.

அவள் என் சட்டைக்கையை மேலே தள்ளினாள். பச்சை. யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "அவ்வளவையும் சொல்ல விட்டாயே" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

நான் சொன்னது உண்மை, அது பொய்யாகிவிட்டது. தம்பி சொன்னது பொய், அதுதான் உண்மையாக நிற்கிறது. சாட்சிக்கு என் கையிலேயே பட்டி இருக்கிறது, அம்மாவின் பையில் பாஸ்போட் இருக்கிறது. என்னிடம் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஒருவேளை நான் உண்மையிலேயே பதினாலோ என்றுகூட அந்தக் கணத்தில் நினைத்தேன், கடவுளாணை!

தம்பி பின்னால் ஓடிவந்தான். அறைகளுக்கு நடுவே நீளமாக ஒரு நடைபாதை, ஒருவரும் இல்லை. திரும்பி அவனை ஒரு அறை அறைந்தேன். "அண்ணா வேசம் போட்டுப் போட்டு உனக்கு இனிச்சுப்போச்சு, என்ன? சந்தோசமோ?"

கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றவன் அழத் தொடங்கினான். "எனக்கென்ன இனிப்பு? அண்டைக்கு எயார்போட்டில நீ அம்மான்ர சீலைக்குள்ள ஒளிச்சு நிண்டனி. நான் அண்ணா எண்டு அவ்வளவு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு முன்னால போனனான். எனக்கு ஏழு வயசு அக்கா. நான் ஏதும் பிழையாச் சொன்னா அம்மாவைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள் எண்டு இண்டைக்கும் கனவு வாறது. ஆர் கேட்டாலும் வாயில பதினாலு எண்டுதான் வருது. நான் என்ன செய்ய?"

கதவுக்கு வெளியே அவன் என்னை அக்கா என்றது அதுதான் முதல் தரம். அவன் என் இடத்தில் ராசா மாதிரி இருந்து அனுபவிக்கிறான் என்றுதான் அவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அவனுக்கும் பயமாக இருக்கும் என்று ஒரு நாளாவது நினைத்தேனா? இல்லை. அறைந்த கை எரிந்தது. மன்னிப்பும் கேட்கத் தெரியாமல் அறைக்குள் போய்ப் படுத்துவிட்டேன்.

அன்றுதான் பெரியப்பாவின் கலியாண நாள் விருந்து. பெரியம்மா காஞ்சிபுரம் கட்டி, தலை நிறையப் பிளாஸ்ரிக் மல்லிகை வைத்திருந்தா. பெரியப்பா கிளாஸைத் தூக்கி ஏதோ பேசத் தொடங்கியபோது, சாப்பாட்டு மண்டபத்தின் அந்தப் பக்கத்தில் இருந்து அவள் நேரே எங்கள் மேசைக்கு வந்தாள். தம்பி குனிந்து என் காதில், "நான் அவளிட்டைப் போய்ச் சொன்னனான். நீ உண்மையா என்ர அக்கா எண்டு. ஏன் எண்டு கேக்காதை, ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டும் சொன்னனான். அவள் நம்பேல்லைப் போல" என்றான்.

அவள் பெரியவர்களுக்கு வாழ்த்துச் சொன்னாள். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, மிக மரியாதையாக, உங்களுடைய மகளுக்கு எத்தனை வயது என்று கேட்டாள்.

அம்மா கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி நின்றா. "ஃபோர்டீன். ஃபோர்டீன், மிஸ். பாஸ்போட் ஹியர். யூ சீ, பிளீஸ்." தோளில் தொங்கிய சிவப்புப் பையைத் திறந்து, என் பாஸ்போட்டைத் தேடி எடுத்து, படம் இருக்கிற பக்கத்தை விரித்து நீட்டினா. பதினாறு வயதுப் பெட்டை ஒன்றுக்கு, இரண்டு கையாலும். அந்தக் கை நடுங்கிய நடுக்கம்! பாஸ்போட் படபடவென்று ஆடியது.

எனக்கு வெட்கத்தில் மேசைக்குக் கீழே போய்விடலாம் போல இருந்தது. அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அல்லது பார்த்தாயா பொய்க்காரி என்பாள் என்று நினைத்தேன். அவள் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் கைகளைச் சட்டையில் துடைத்துவிட்டு, பாஸ்போட்டை வாங்கி, படத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், ஒபிசர்மார் பார்ப்பது போலவே. மூடித் திருப்பிக் கொடுத்தாள். "நன்றி மேடம். எல்லாம் சரியாக இருக்கிறது" என்றாள்.

அம்மா பெருமூச்சு விட்டுக்கொண்டு கதிரையில் இருந்தா. ஒரு கிளாஸ் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தா. பெரியப்பா ஒன்றும் விளங்காமல், "ஆர் உந்தப் பெட்டை? கப்பல்காரற்றை மகளோ?" என்று கேட்டார்.

சாப்பாடு முடிய நான் வெளியே போனேன். சூரியன் இன்னும் விழவில்லை. அவள் கம்பியில் சாய்ந்துகொண்டு நின்றாள். "உன் தம்பி சொன்னதுதான் உண்மை, என்ன?" என்றாள். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். காலையில் கேட்டிருந்தால் ஓடிச் சொல்லியிருப்பேன். இப்போது அம்மாவின் கைதான் கண்ணுக்குள் நின்றது, வாய் திறக்க மறுத்தது. அவள் காத்திருந்தாள். பிறகு, "என் அம்மாவும் நாங்கள் சந்தோசமாக இருக்கிறோம் என்று சொல்லும்போது அப்படித்தான் கை நடுங்கும்" என்றாள். அதற்கு மேல் தோண்டவில்லை. உன் பிறந்தநாள் எப்போது என்று மட்டும் கேட்டாள். மார்ச் மாதம் என்று சொல்லி, உண்மையான திகதியைச் சொன்னேன். எந்த வருடம் என்று அவள் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை அம்மா என்னைத் தனியாக மேல்தளத்துக்குக் கூட்டிப் போனா. அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அம்மா கடலைப் பார்த்துக்கொண்டு, "அந்தப் பிள்ளைக்கு விளங்கிட்டுது, என்ன?" என்றா. திரும்பி என்னைப் பார்த்தா. "உன்ர ரண்டு வருசத்தை நான்தான் திண்டிட்டன் பிள்ளை. அண்டைக்கு என்ர வாய் ஏன் அப்பிடிச் சொன்னதெண்டு எனக்கே இண்டு வரைக்கும் தெரியேல்லை."

இந்த இடத்தில் நான் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நான் சொன்னது இதுதான்: "ஓம், திண்டிட்டியள்தான்."

அம்மா தலையை ஆட்டினா. சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே போய்விட்டா. என் வாயை என்ன சொல்வது? அன்றைக்கு என்னை யாராவது ஒரு அறை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மிச்ச நாட்கள் அவளோடுதான் போயின. நீலக்காரரின் கூடத்துக்கு நாங்கள் பிறகு போகவேயில்லை. தம்பியும் வந்து எங்களோடு சீட்டு விளையாடினான். கடைசி நாள் விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டாள். துறைமுகத்தில் அவளுடைய அப்பா ஒரு பக்கமும் அம்மா ஒரு பக்கமுமாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு போக, நடுவில் அவள் திரும்பித் திரும்பிக் கையைக் காட்டினாள். ரொறன்ரோ எயார்போட்டில் ஒபிசர் என்னைக் குனிந்து பார்த்து, உனக்கு எத்தனை வயது என்று சும்மா சிரித்தபடி கேட்டார். அம்மாவின் மூச்சு நிற்பது எனக்குக் கேட்டது. "பதினாலு" என்றேன். அந்தத் தடவை அதைச் சொல்ல எனக்குக் கோபம் வரவில்லை. ஏன் வரவில்லை என்றும் தெரியவில்லை.

அடுத்த மார்ச் மாதம், என் உண்மையான பிறந்தநாளுக்கு இரண்டு நாள் பிந்தி, ஒரு கடிதம் வந்தது. அயர்லாந்து முத்திரை. உள்ளே ஒரு வாழ்த்து மட்டை. அதில் பெரிதாகத் தங்க நிறத்தில் 17. கீழே என் பெயர். உலகத்திலேயே என் பெயரும் என் சரியான வயதும் ஒன்றாக இருந்த ஒரே பேப்பர் அதுதான்! நான் அதைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் துள்ளினேன். அம்மா வேலை முடிந்து வந்தா, மட்டையைக் கண்டா, கையில் வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தா. "உது வெளியில கிடக்கக்கூடாது" என்று சொல்லிக் கொண்டுபோய்விட்டா.

கிழித்துப்போட்டா என்றுதான் நினைத்தேன். வேறென்ன நினைப்பது? குப்பைவாளியைக்கூடக் கிளறிப் பார்த்தேன். இரண்டு கிழமை அம்மாவோடு கதைக்கவில்லை. அயர்லாந்துக்காரிக்கும் எனக்கும் நாலைந்து கடிதம் போய் வந்தது. பிறகு அவள் வீடு மாறினாள், நாங்களும் மாறினோம், தொடர்பு அறுந்துபோனது. இப்போது எங்கே இருக்கிறாளோ தெரியாது.

எனக்குக் கலியாணமாகி, பிள்ளைகள் பிறந்து, ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் என்ற ஊரில் வீடு வாங்கி, அப்பா போன பிறகு அம்மாவும் எங்களோடு வந்து இருக்கிறா. இரண்டு வருடம் முன்பு அம்மாவின் பாஸ்போட்டைப் புதுப்பிக்கவேண்டி வந்தது. "பை அலுமாரிக்குள்ள கிடக்கு, எடு" என்றா. அந்தப் பழைய சிவப்புப் பைதான். நிறம் வெளிறி, ஸிப் இறுகிப்போய் இருந்தது. நாங்கள் வந்து இறங்கியபோது தந்த கடதாசி, குடியுரிமை அட்டைகள், அப்பாவின் மரணச் சான்றிதழ் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவற்றுக்கு நடுவே, தனியாக ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள், மூலைகூட மடங்காமல், தங்க நிறத்தில் 17.

அதைக் கொண்டுபோய் அம்மாவின் முன்னால் நீட்டினேன். அம்மா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தா.

"எல்லாப் பேப்பரிலயும் பிழையாத்தானே கிடக்கு. ஒண்டிலயெண்டாலும் சரியாக் கிடக்கட்டும் எண்டு வைச்சனான்" என்றா.

கப்பலில் அன்று காலை செய்திருக்கவேண்டியதை அன்றைக்குத்தான் செய்தேன். அம்மாவைக் கட்டிக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். அம்மா, "விடு, விடு, சமையலறையில உலை கொதிக்குது" என்று என்னைத் தள்ளிக்கொண்டே தானும் அழுதா.

இப்போதும் படிவங்களில் பிறந்த திகதி என்று கண்டால் என் பேனா ஒரு கணம் நிற்கத்தான் செய்கிறது. பேப்பரில் உள்ள நாளுக்குப் பிள்ளைகள் கேக் வெட்டுகிறார்கள், வேலையிடத்தில் வாழ்த்துகிறார்கள். மார்ச் மாதத்தில் வருகிற நாளுக்குத் தம்பி மட்டும் போன் எடுத்து "அக்கா" என்பான். அவனோடு கதைத்து முடிந்ததும் நான் போய் அந்தச் சிவப்புப் பையைத் திறந்து மட்டையை ஒருதரம் பார்த்துவிட்டு, பதினேழில் இருந்து விரல்விட்டு எண்ணி, எனக்கு என்ன வயது என்று நிச்சயப்படுத்திக்கொள்கிறேன்.